அக்காவின் விண்வெளிப் படங்களும் எங்கள் குற்றமும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்த ஒரே தம்பி என்பதால் இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. "நாலு நல்ல வார்த்த எழுதுப்பா, போதும்" என்றார்கள் உறவினர்கள். நல்ல வார்த்தைகளுக்கு அக்கா தகுதியானவர்தான். அவற்றை எழுத நான் தகுதியானவனா என்பதைப் படித்து முடித்தபின் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் பாகான் டாலாமில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அக்காவின் பதினேழாவது வயதில் அப்பா தவறிவிட, படிப்பை நிறுத்திவிட்டு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தளவு சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். என்னைப் படிக்க வைத்தார். எனக்குத் திருமணம் செய்து வைத்தார். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிப் பேசாத உறவினர் இல்லை. ஒரு வரன் கொண்டுவந்த உறவினரும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் தமக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். பெரிய தொலைக்காட்சி ஒன்றும் புளூ-ரே கருவியும் வாங்கினார். பழைய கறுப்பு-வெள்ளை ஆங்கிலப் படங்களை, அதிலும் விண்வெளி, வேற்றுக்கிரகம், பறக்கும் தட்டு என்று வரும் படங்களை மட்டும், வெளிநாட்டிலிருந்து வட்டு வட்டாக வரவழைத்தார். வரவேற்பறைச் சுவர் முழுக்க அலமாரி. வட்டுகளை ஆண்டு வாரியாக அடுக்கி, உறையின் முதுகில் தம் கையெழுத்தில் சிறு சீட்டு ஒட்டியிருந்தார்.

ஏன் இந்தப் படங்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். பாகான் டாலாமில் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு படத்தைச் சொன்னார். வானத்திலிருந்து வந்த ஒருவன் கடலோரக் கலங்கரை விளக்கத்தில் ஒளிந்துகொள்கிறான். காவல்காரனின் மனைவி அவனுக்குப் போர்வை கொடுக்கிறாள்.

"அப்ப டிவில எறும்பு ஓடும் தம்பி. அவன் மூஞ்சியே தெரியாது. இப்ப அவனுக்கு வேர்க்குறதுகூடத் தெரியுது" என்றார்.

அக்கா அவ்வளவு மகிழ்ச்சியாகப் பேசி நான் கேட்டதில்லை. இருந்தும் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகவே பட்டது.

ஒரு தீபாவளியன்று நானும் மனைவியும் பிள்ளைகளும் அங்கே போயிருந்தோம். அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவும் வந்திருந்தார். அக்கா காலையிலேயே சமைத்து முடித்துவிட்டு ஒரு படத்தைப் போட்டிருந்தார். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல நாள்ல பேயும் பூதமும் பாத்தா வீடு வெளங்குமா? அதான் ஒருத்தனும் கட்டிக்க வரல" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். என் மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

அக்கா படத்தை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "பேசணும்னா வெளிய போய்ப் பேசுங்க. படம் முடிய இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு. அப்புறம் சாப்பாடு போடுறேன்" என்றார்.

நாங்கள் சாப்பிடாமலே கிளம்பினோம். சொந்தத் தம்பியைத் தீபாவளியன்று வெளியே அனுப்பியவள் என்று அதன்பின் நான் ஊரெல்லாம் சொன்னேன். சிரித்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, மருத்துவமனையில் மூன்று வாரம் படுத்திருந்தார். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். அவர் திரும்பி வந்தால் வரவேற்பறையில் கட்டில் போட இடம் வேண்டும் என்றார் மாமா. "இந்தக் குப்பையத் தூக்குனாத்தான் அவளுக்கு நல்ல காலம் பொறக்கும்லா" என்றார். நாங்கள் இருவரும் ஒரு பிற்பகலில் அலமாரியைக் காலி செய்தோம். பதினொரு பெட்டிகள். பழைய சாமான் ஏற்றும் லாரியை வரவழைத்து, நானே தூக்கிக் கொடுத்தேன்.

கட்டிலுக்கு இடம் ஏற்கெனவே இருந்தது. சோபாவை நகர்த்தியிருந்தால் போதும். அந்தத் தீபாவளிக்குப் பழிதீர்க்கத்தான் அதைச் செய்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. கூசட்டும்.

சக்கர நாற்காலியில் வீட்டுக்குள் வந்த அக்கா காலி அலமாரியைப் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

"நான்தான்கா. மாமாதான் சொன்னாரு, எடம் வேணும்னு."

"மாமாவுக்குக் கதவத் தொறந்து விட்டது யாரு?"

என் கை சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டது.

"சாவிய மேச மேல வச்சிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போக வேண்டியிருந்தது. முதல் சில மாதங்கள் எதிர்வீட்டுச் சீனர் கோ அங்கிள்தான் அழைத்துப் போனார். அவருக்கு முழங்கால் வலி முற்றியபின் வேறு வழியில்லாமல் என் காடியில் ஏறினார் அக்கா. பின்சீட்டில் உட்காருவார். "இங்க நிறுத்து", "மெதுவா போ" இரண்டும் தவிர வேறு பேச்சில்லை. ஓராண்டுக்கு மேல் அப்படியே போனது. எனக்கும் கோபம் வந்தது. வேலையை விட்டுவிட்டு வந்து ஓட்டுகிறேன், ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன்.

"நான் படுத்திருந்தப்ப நீ ஒரு வார்த்த என்னக் கேட்டியா?" என்றார்.

அதன்பின் நான் அந்த வட்டுகளைத் தேடிப் போனேன். பழைய சாமான் கிடங்கு கெப்பாலா பத்தாஸில் இருந்தது. பத்துப் பெட்டிகள் போய்விட்டிருந்தன. ஒன்று மட்டும் மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்துக் கிடந்தது. வட்டுகள் எதுவும் ஓடவில்லை. உறைகளின் முதுகில் அக்காவின் கையெழுத்து மட்டும் அழியாமல் இருந்தது. அவற்றைப் படித்துப் படித்து ஒரு பட்டியல் எழுதினேன். முதலில் அந்தக் கலங்கரை விளக்கப் படத்தைப் புதிதாக வரவழைத்து எடுத்துப் போனேன்.

அக்கா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கிப் பார்த்தார்.

"என்னோடதா?"

"இல்லக்கா. புதுசு."

"நீ தூக்கிப் போட்டதுக்கு இது சரியாப் போயிடாது."

"தெரியும்கா."

பிறகு கதவைத் திறந்தார். "உள்ள வா. பேசாத" என்றார்.

பேசாமல் பார்த்தேன். வேற்றுக்கிரகத்தவனின் முகத்தில் பூசிய மாவு காதோரம் உரிந்திருந்தது. அவன் வந்த கலம் கடலுக்கு மேல் இறங்கும்போது அதைக் கட்டித் தொங்கவிட்ட நூல் பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அக்கா கவனித்துவிட்டார்.

"நூலு தெரியுதுல்ல? அத மறைக்க அவனுங்களுக்கு வசதி பத்தல. ஆனா கை நடுங்காம எப்படி எறக்குறான் பாரு. பத்து பேரு மேல நின்னு பிடிச்சிருப்பானுங்க" என்றார்.

மீண்டும் பார்த்தேன். கலம் ஆடாமல், அலுங்காமல் இறங்கியது. கீறல் தேடியே கண் தேய்ந்த மனுஷி கீறலை மட்டும் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. போர்வைக் காட்சியில் அந்தப் பெண்ணின் நரைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்ததும் தைரியம் வந்து கேட்டேன். "கோவம் போச்சாக்கா?"

"இல்ல" என்றார். பிறகு, "வெள்ளிக்கெழம சுத்திகரிப்பு இல்ல. இன்னொரு படம் கொண்டா" என்றார்.

ஒன்பது வெள்ளிக்கிழமைகள் போனேன். ஒன்பது படங்கள் பார்த்தோம். பத்தாவது வட்டு வந்து சேர்வதற்குள் நெஞ்சு வலி என்று மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டே நாளில், காலையில், அக்கா காலமானார்.

இறுதிச் சடங்கன்று மாமா என் அருகில் வந்து, "நல்ல வேள, அந்தக் குப்பைய நாம அன்னிக்கே தூக்குனோம். இல்லன்னா இப்ப யாரு சொமக்குறது" என்றார். மாமாவை அங்கிருந்து போகச் சொன்னேன். அவர் போனார். இந்த மலர் அவருக்கும் அனுப்பப்படுகிறது. அன்று அவரிடம் சொல்லாமல் விட்டது இதில் எழுதப்பட்டிருக்கிறது.

அக்காவைத் தம் தாயைப்போல் பார்த்துக்கொண்ட சுத்திகரிப்பு மையத் தாதியருக்கும், முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் முதல் மாதங்களில் துணை நின்ற கோ அங்கிளுக்கும், நனைந்த பெட்டியை எதுவும் கேட்காமல் எடுத்துத் தந்த கிடங்குக்காரருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அடுக்குமாடி மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொலைபேசியில் அனுதாபம் சொல்லிவிட்டு, வீட்டை யாருக்கு எழுதி வைத்தார் என்று அதே அழைப்பில் விசாரித்தவர்களுக்கு நன்றி இல்லை.

அச்சுக்குப் போகும் முன் இதைப் படித்த உறவினர் ஒருவர், "கடைசில எல்லாரையும் மன்னிச்சிட்டுப் போனாங்கன்னு ஒரு வரி போட்டுடுப்பா, படிக்கிறவங்க மனசு ஆறும்" என்றார். போடவில்லை. அக்கா அப்படிச் சொல்லவில்லை. அவரைக் கேட்காமல் ஒரு முறை செய்தேன். இன்னொரு முறை செய்ய மாட்டேன்.

— தம்பி