துபாய் மகனும் பேத்தி காதுகுத்தும்

காத்தாயிக்கு ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. புருஷன் போன பிறகு, கொட்டைப் பால் பட்டுக் கறுத்த அந்த விரல்களால்தான் மகன் தமிழ்செல்வனையும் மகள் மணிமேகலையையும் ஆளாக்கினாள். மகளைக் குன்றாண்டார்கோவில் பக்கம் கட்டிக் கொடுத்தாள். மகன் துபாய்க்குப் போனான். போன தடவை வந்தபோது ஆத்தாளுக்கு ஒரு போன் வாங்கி வந்து, அதில் தன் படத்தையும் வைத்தான்.

"இதத் தொடு ஆத்தா, நான் பேசுவேன்."

தொட்டால் பேசினான். எந்நேரம் தொட்டாலும் பேசினான். முன்பெல்லாம் "வேலையில இருக்கேன், வையி" என்று சிடுசிடுப்பவன், இப்போது கோழி அடைகாக்கிற கதையைச் சொன்னாலும் உட்கார்ந்து கேட்டான். முகம் பார்த்துப் பேச அந்த நாட்டில் விடமாட்டார்களாம். அதனாலென்ன, அவளுக்குக் குரல் போதும். மகமாயி கண் திறந்துவிட்டாள் என்று விளக்குப் போட்டாள்.

பக்கத்து வீட்டு ராஜலட்சுமிதான் ஒருநாள் கேட்டாள்: "ஏங்க்கா, இப்பல்லாம் இங்கிட்டு எட்டியே பாக்க மாட்டேங்குறீங்க?"

"எம்மகனோட பேசவே பொழுது பத்தலடி."

பேத்திக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மகளும் மருமகன் ரெங்கராஜும் வெற்றிலை பாக்குப் பழத்தோடு வந்து, ஆள் இல்லாத குறைக்குப் போனுக்கு முன்னால் தட்டை வைத்து அழைத்தார்கள்.

"மச்சான், நீங்க வந்து மடி குடுக்கணும்."

"கட்டாயம் வாரேன் மாப்ள."

மணிமேகலைக்குக் கண் கலங்கிவிட்டது. "சீரு கெடக்குதுண்ணே, நீ வந்தாப் போதும்."

காதுகுத்து அன்றைக்கு அய்யனார் கோயிலில் பொங்கல் பொங்கியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். தாய்மாமனைக் காணோம். காத்தாயி படத்தைத் தொட்டாள்.

"எங்கய்யா வாரே?"

"வந்துக்கிட்டே இருக்கேன் ஆத்தா. கீரனூரத் தாண்டிட்டேன்."

ரெங்கராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பினான். அவள் மறுபடி தொட்டாள். கீரனூரைத் தாண்டிவிட்டதாகவே சொன்னான், அதே பிரியத்தோடு.

"தாண்டித் தாண்டி மெட்ராஸுக்கே போயிருப்பாரு உங்க மகன்!" என்றாள் சம்பந்தி சொர்ணவல்லி. கூட்டம் சிரித்தது. மணிமேகலை தலை நிமிரவில்லை.

ரெங்கராஜுக்கு என்னமோ உறுத்தியது. தமிழ்செல்வனோடு துபாயில் ஒரே அறையில் இருக்கிற ரகுநாத்தின் நம்பரைத் தேடிப் பிடித்து, தன் போனில் கூப்பிட்டான். ரகுநாத் தட்டி எழுப்பிக் கொடுத்தான்.

"காதுகுத்தா? யாருக்கு மாப்ள?" என்றான் தமிழ்செல்வன்.

பிறகு எல்லாம் தெரிந்தது. காசு கட்டித் தன் குரலைப் பதிந்து கொடுத்தால், ஆள் இல்லாமலே அந்த ஆளைப் போலப் பேசுமாம் ஒரு கம்ப்யூட்டர். கேட்பவர் மனம் நோகாமல் பதில் சொல்லுமாம். ரெண்டு ஷிப்டு பார்க்கிறவன் வேறென்ன செய்வான், பாவம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"நீ தனியாக் கெடக்குறியேன்னுதான் ஆத்தா."

காத்தாயி மருமகனின் போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

"இப்பப் பேசுறது யாருய்யா?"

"நாந்தான் ஆத்தா."

"அதுவும் அப்படித்தான்யா சொல்லுச்சு."

"சாமி சத்தியமா நாந்தான். நமக்கு மட்டும் தெரிஞ்சது எதையாச்சும் கேளு, சொல்றேன்."

அவள் யோசித்துப் பார்த்தாள். அவன் கண்மாயில் முங்கிப் பிழைத்தது, அப்பன் சாகும்போது அவன் காதில் சொன்னது, பள்ளிக்கூடத்துக்குப் பயந்து வைக்கோற்போரில் ஒளிந்தது. ஒவ்வொன்றையும் அந்தக் குரலிடம் சொல்லிச் சிரித்து, சொல்லி அழுது தீர்த்திருந்தாள். அதற்குத் தெரியாதது என்று அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நல்ல நேரம் போகிறது என்று பூசாரி சத்தம் போட்டார். காத்தாயியின் தங்கை மகன் அடைக்கலத்தைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார்கள். அவனும் மாமன் முறைதான். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது.

"ஆத்தா, பேசு ஆத்தா" என்று காதோடு அழுதது குரல்.

அழாதே என்று சொல்ல வாயெடுத்தாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியவில்லை. அய்யனார் முகத்தைப் பார்த்தபடியே போனை மருமகனிடம் நீட்டினாள்.