எல்லைக்கல்லுக்கு வெளியே

என்னைக் கட்டிக்கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீடு பார்க்க என் அப்பா செங்கோட்டையிலிருந்து தென்காசிக்குப் போனார். அன்று சாயங்காலமே திரும்பி வந்து அம்மாவிடம் விவரம் சொன்னார். "மரியாதையான சனங்க. வெள்ளித் தம்ளர்ல தண்ணி குடுத்தாங்க. தண்ணி நல்லா இருந்துது" என்றார். மாப்பிள்ளையின் முகத்தையும் குணத்தையும் பற்றி ஏதாவது காதில் விழுமா என்று கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, போயும் போயும் தண்ணீரைப் பற்றியா பேசுவார் இந்த மனிதர் என்று எரிச்சலாக இருந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் பின்கட்டுக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாய் கொப்பளித்தேன். அப்படியே துப்பினேன். உப்பு. கடல் உப்பு இல்லை, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு நகராத உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சவுக்காரம் நுரைக்காது, தலைமுடி சடை பிடிக்கும். கிணற்று மேட்டில் நின்று மேற்கே பார்த்தால் குற்றாலத்து மலை தெரியும். எங்கெங்கோ இருந்து சனங்கள் ரயிலேறி வந்து அந்த மலைத் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே உப்புத் தண்ணீரில் குளித்தோம். அப்பாவுக்குக் கொடுத்தது ஊர்க் குழாயில் பிடித்த தண்ணீர் என்பதை என் அத்தை, அதாவது மாமியார், கொஞ்சமும் மறைக்கவில்லை. "வந்தவுகளுக்கு நல்ல தண்ணிதாம்ட்டி குடுக்கணும். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான்" என்றார்.

எங்கள் தெரு, குத்துக்கல்வலசைக்குப் போகும் பாதையில் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. முடிகிறது என்பதற்கு அடையாளமாக ஓர் எல்லைக்கல் நின்றது. கல்லுக்கு உள்ளே பஞ்சாயத்து போர்டின் ஆட்சி: தெருவிளக்கு, குப்பை வண்டி, குழாய். சிற்றாற்றங்கரையில் கிணறு தோண்டி, எஞ்சின் வைத்து ஏற்றி அனுப்பிய தண்ணீர், கல்லுக்குப் பத்தடி முன்னால் நின்ற கடைசிக் குழாயோடு தன் பயணத்தை முடித்துக்கொள்ளும். அந்தக் குழாயடியில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. கல்லுக்கு உள்ளே இருக்கிறவர்களின் குடங்கள் எல்லாம் நிறைந்த பிறகுதான் வெளிக் குடம். நான் விடிவதற்குள் போய் முதல் ஆளாக நின்றாலும், வெயில் வந்தபின் கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிற உள்குடம் என் குடத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். வரி கட்டுகிறவர்கள் அவர்கள். எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் இல்லை.

அது எனக்குத் தலைபோகிற காரியமாக இருந்தது. நான் ஊருக்குள் ஒரு பெண்கள் பாடசாலையில் வாத்திச்சி. என் வீட்டுக்காரர் புளியங்குடியில் எலுமிச்சங்காய் மண்டியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை காலையில் போய்விடுவார். அத்தைக்கு முழங்கால் வாதம், குடம் தூக்க முடியாது. நான் குடத்தைக் கொண்டுவந்து இறக்கி, ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது வாரத்தில் பாதி நாள் மணி அடித்து முடிந்திருக்கும். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தலைமை ஆசிரியை நல்லவர். நல்லவராக இருந்ததால் இரண்டு தடவை வாயால் சொன்னார். மூன்றாவது தடவை எழுதியே கொடுத்துவிட்டார். தசரா லீவுக்குள் நேரத்துக்கு வரப் பழகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

அந்தக் காகிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன், யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் மட்டும்தான் நான் யாருடைய மருமகளாகவும் இல்லாமல் இருந்தேன். அதை ஒரு குடம் தண்ணீருக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

குழாயடியில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, கல்லையே நகர்த்திவிட வேண்டியதுதான் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். எங்கள் தெருவையும் ஊர் எல்லைக்குள் சேர்த்துக் குழாய் போடக் கேட்டு போர்டுக்கு ஒரு மனு எழுதினேன். வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாக ஏறினேன். எல்லைக்குள் போனால் வீட்டு வரி வருமே என்று முகத்தைச் சுளித்தவர்களிடம், "உப்புத் தண்ணியில பருப்பு வேக எரிக்குற விறகு யாரு வீட்டுக் காசாம்?" என்று கேட்டேன். வாத்திச்சிக்கு வாய் நீளம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

தெருவில் பெரிய வீடு அரிசி வியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சியுடையது. அவர் அசைந்தால்தான் மற்றவர்கள் அசைவார்கள். அவர் மனுவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கொழா வந்தா நம்ம தெருவுக்கே ஒரு கௌரவம்லா, டீச்சரம்மா" என்று முதல் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார். அதன் பிறகு மையில் பெருவிரலை முக்க மற்றவர்கள் தயங்கவில்லை.

வைகாசி வெயிலில் போர்டின் ஓவர்சியர் வந்தார். கூட ஒரு பியூன், கையில் அளக்கிற சங்கிலி. தெருவை நீளவாக்கில் அளந்து முடித்து, அண்ணாச்சி வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அண்ணாச்சி வீட்டில் நல்ல தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அன்று காலையில் காத்துக் கிடந்து பிடித்துவந்து, வெட்டிவேர் போட்டு மண்பானையில் ஊற்றி வைத்திருந்த தண்ணீரை அதே வெள்ளித் தம்ளரில் மொண்டு கொண்டுவந்து கொடுத்தேன். அவர் இரண்டு தம்ளர் குடித்தார்.

"அருமையான தண்ணி" என்றார்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க தெருவுக்கு வந்தவுக யாரும் தண்ணியக் குறை சொன்னதில்ல, சார்" என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும், எனக்கும்கூட, நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று அப்போது உறைக்கவில்லை.

அடுத்த மாதம் பதில் வந்தது. நேரில் பார்வையிட்டதில் அந்தப் பகுதியில் குடிநீர் சுவையாகவே இருப்பதால் எல்லையை விரிக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்று எழுதியிருந்தது. படித்ததும் ஓவர்சியர் மேல் பொங்கிய கோபம், ஒரு நிமிஷத்தில் என் மேலேயே திரும்பிவிட்டது. அவர் குடித்ததை எழுதினார். கொடுத்தது நான். உப்புத் தண்ணீருக்காக மனு எழுதின கையாலேயே நல்ல தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மறு மனு எழுதிக்கொண்டு போர்டு ஆபீசுக்குப் போனேன். பார்த்த இடத்தை மறுபடி பார்க்க மாட்டார்கள் என்றார் குமாஸ்தா. அடுத்த சனிக்கிழமையும் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். பரீட்சைத் தாள்களைக் கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். பெண்பிள்ளை ஒருத்தி இப்படி வந்து உட்கார்ந்திருப்பது ஆபீசுக்கே சங்கடமாகப் போயிற்று. நான்காவது சனிக்கிழமை ஓவர்சியரே வெளியே வந்தார். ஆடியில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதாகவும், திரும்பும் வழியில் ஐந்து நிமிஷம் எட்டிப் பார்ப்பதாகவும் சொன்னார். ஐந்து நிமிஷம் எனக்குப் போதும்.

தெருவில் போய் விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை அவருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும், ஒரு வீட்டிலும் குழாய்த் தண்ணீரை வெளியே எடுக்கக் கூடாது என்றேன். அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது.

"வந்த மனுசனுக்கு உப்புத் தண்ணியக் குடுக்கச் சொல்லுதியளா? எனக்கு மூணு பயலுக கல்யாணத்துக்கு நிக்கானுவ. இந்தத் தெருத் தண்ணி உப்புன்னு ஊரெல்லாம் தெரிஞ்சா எவன் இங்கன பொண்ணு குடுப்பான்?"

"எங்க அப்பாவும் இந்தத் தெருவுல நல்ல தண்ணி குடிச்சுட்டுத்தான் அண்ணாச்சி பொண்ணு குடுத்தாரு" என்றேன்.

தண்ணீர் விஷயம் தெரியாமல் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள்தான் அந்தத் தெருப் பெண்கள் எல்லாருமே. அத்தை தன் முழங்காலைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். நானும் அதோடு விடவில்லை. அரிசிப் பானைக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்து எல்லாரும் கேட்கும்படி படித்தேன். எனக்கு வேலை போகப் போகிறது என்று அத்தைக்குத் தெரிந்தது அப்போதுதான்.

ஆடியில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஓவர்சியர் வந்தார். தலை ஈரம் காயவில்லை, உடம்பில் எண்ணெய் வாசனை. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கே உரிய சந்தோஷத்தில் இருந்தார். அண்ணாச்சி நாற்காலியைப் போட்டுவிட்டு, இந்தப் பாவத்தைப் பார்க்க மாட்டேன் என்பதுபோல் உள்ளே போய்விட்டார். நான் கிணற்றுத் தண்ணீரை வெள்ளித் தம்ளரில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அத்தனை நாள் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு, ஆறு அடி நடந்து போய் அதை நீட்ட முடியவில்லை. வந்தவருக்கு இதை எப்படிக் கொடுப்பது என்று எனக்குள்ளேயே ஒருத்தி நின்று தடுத்தாள்.

பின்னால் அத்தை நொண்டிக்கொண்டு வந்தார். "இங்க கொண்டா, நான் குடுக்கேன்" என்று தம்ளரை வாங்கி அவரிடம் நீட்டினார்.

அவர் நம்பிக்கையோடு ஒரு வாய் நிறையக் குடித்தார். முகம் கோணியது. துப்பலாமா என்று ஒரு நொடி திணறிவிட்டு, மரியாதைக்காக விழுங்கினார். "என்னம்மா இது?" என்றார்.

"இதுதான்யா எங்க தண்ணி. போன தடவ நீங்க குடிச்சது உங்க கொழாத் தண்ணி" என்றார் அத்தை.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"வந்தவுககிட்ட எப்படிய்யா சொல்லுதது?" என்றார் அத்தை.

அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். எதிர் வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது. கடைசியில் அண்ணாச்சியே தன் வீட்டுக் கிணற்றில் இறைத்த ஒரு செம்போடு வெளியே வந்து, தலை குனிந்தபடி அதை வரிசையில் வைத்தார். ஓவர்சியர் ஒவ்வொன்றிலும் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு பியூனிடம் நோட்டை வாங்கி எழுத ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் என்று வந்தவர் முக்கால் மணி நேரம் இருந்தார்.

குழாய் வருவதற்கு முன்னால் கல் நகர்ந்தது. புரட்டாசி பிறந்ததும் மூன்று ஆட்கள் கடப்பாரையோடு வந்து எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்து, எங்கள் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டி நட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் குழாயடிக்குப் போனேன். வழக்கம்போல ஒரு குடம் என் குடத்தைத் தள்ள வந்தது. "கல்லு இப்ப எங்கன நிக்குன்னு போய்ப் பாத்துட்டு வா" என்றேன். அந்தக் குடம் பின்னால் போயிற்று. அன்று நான் பள்ளிக்கூடம் போனபோது மணி அடிக்கிற ஆளே வரவில்லை. தசரா லீவு வந்தது, போயிற்று. நான் இருந்தேன். தையில் தெருவுக்குள்ளேயே குழாய் வந்தது. வருஷ முடிவில் என் வேலையும் நிரந்தரமாயிற்று.

அந்தக் கோடையில் அப்பா வந்திருந்தார். அவருக்கு வாசல் குழாயில் பிடித்த தண்ணீரை வெள்ளித் தம்ளரில் கொடுத்தேன். குடித்து முடித்ததும், அத்தனை வருஷம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "இங்கன தண்ணி உப்புன்னு தெரிஞ்சிருந்தா என்னையக் குடுத்திருப்பீங்களாப்பா?"

"தெரியும்மா" என்றார். "வீடு பாக்க வந்த அன்னைக்குப் பின்னால போயி கால் கழுவும்போது ஒரு வாய் கொப்புளிச்சேன்."

எனக்குச் சுரீர் என்றது. "அம்மாகிட்ட தண்ணி நல்லா இருக்குன்னுல்லா சொன்னீங்க."

"குடுத்த தண்ணி நல்லாத்தான இருந்துது. அதச் சொன்னேன்." தம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்கு முன்னால ஏழு வீடு பாத்தேன். எல்லா வீட்டுலயும் கெணத்துத் தண்ணி கல்கண்டு. ஆனா அத்தன வீட்டுலயும் பொண்ண வேலைக்கு அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. உங்க அத்த ஒருத்திதான், படிச்ச புள்ள போகட்டும்னா. தண்ணி என்னைக்காவது மாறும்னு நெனச்சேன். அந்த வீடுக மாறும்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. உள்ளே அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கேட்காதவர்போல் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார். நான் தம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அப்பாவுக்கு இன்னொரு தம்ளர் பிடித்தேன், அத்தைக்கு ஒன்று பிடித்தேன்.