கை மட்டும் தெரிந்த படம்

அந்தக் கடைத்தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் அவள் ‘தாடை’தான். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிறவர்களிடம் “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க” என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். “கெமிஸ்ட்ரி படிச்சது ஊரான் தாடையை இறக்கவா?” என்று சித்தி கிண்டல் செய்யும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு அதே கேள்வி கொஞ்ச நேரம் உள்ளே கிடந்து உறுத்தும்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிழல் ஆகாது. காதோரம் மெல்லிசாக ஒரு நிழல் விழுந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இரண்டு பக்கமும் விளக்கு, பின்னால் வெள்ளைத் துணி. அதற்கும் அடங்காத நிழலைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட வேண்டும். சாயங்காலம் ஆவதற்குள் எல்லா முகமும் மாவில் புரட்டி எடுத்தது மாதிரி ஆகிவிடும். அந்தச் சலிப்புக்கு மருந்தாகத்தானோ என்னவோ, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நிழலைத் தேடி அலைவாள். எடுப்பதெல்லாம் கறுப்பு வெள்ளை. சாலை வெயிலில் வெளுத்துக் கிடக்கும்; ஒரு கதவிடுக்கு மட்டும் கிணறு மாதிரி கறுத்திருக்கும். கிட்டத்தில் யாரோ ஒருவரின் இருண்ட தோள், நடுவில் வெயில், அதற்கப்பால் மறுபடி இருட்டு என்று அமைந்துவிட்டால் போதும், தட்டைக் காகிதத்துக்குள் கையை விட்டுத் துழாவலாம் போலிருக்கும் அவளுக்கு.

சித்தி, அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு இவளை வளர்த்துப் படிக்கவைத்தவள். பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய கடைக் கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துமிடம் இருந்தது. அதற்குள் இறங்கும் சரிவின் முகப்பில்தான் சித்திக்கு வேலை. வாயில் விசில், கையில் வெள்ளைக் கையுறை. வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணாடி வழியே அந்தக் கையுறையைப் பார்த்துத்தான் நுழைவதும் வெளியேறுவதும்.

ஒரு மதியம் எதிர்ப்புற நடைபாதையிலிருந்து தாடை அதைப் படம் பிடித்துவிட்டாள். முன்னால் சுட்டெரிக்கும் சாலை. சரிவுக்குள் முழுக்க மைக்கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து நீண்டு வந்த ஒற்றை வெள்ளைக் கை. ஆளைக் காணோம். எடுத்ததும் அங்கேயே நின்று மறுபடி மறுபடி பார்த்தாள்.

நூலகத் தாழ்வாரத்தில் அவள் சேர்ந்திருந்த புகைப்படக் குழு ஒரு கண்காட்சி வைக்கவிருந்தது. ஆளுக்கு ஒரு படம். குழுவின் செயலாளர் கேமராவின் சின்னத் திரையில் இதைப் பார்த்துவிட்டு, “வேற எதையும் தேடாதீங்க, இதுதான்” என்றார். அவள் எடுத்த படம் சுவரேறுவது அதுதான் முதல் தடவை.

பெரிதாக அச்சிட்டுத் தரச் சொல்லி ஸ்டூடியோ முதலாளியிடம் கொடுத்தாள். முதலாளி பாசக்கார மனுஷன். பாசம் சில சமயம் வேலையைக் கெடுக்கும். மறுநாள் காலை மேஜை மேல் கிடந்த படத்தைப் பார்த்து அவளுக்குத் திக்கென்றது. கறுப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சுவரில் எண்ணெய்க் கறை, தீயணைப்பு வாளி, மூலையில் காற்றுப் போன ஸ்கூட்டர், நடுவில் கன்னம் உப்ப விசில் ஊதுகிற சித்தி. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பள்ளத்தை மண் போட்டு மூடியது மாதிரி.

“உன் சித்தி மூஞ்சி இருட்டுக்குள்ள கிடந்துச்சும்மா. பாத்துட்டுச் சும்மா இருக்க மனசு வரல. கஷ்டப்பட்டு வெளிய கொண்டுவந்தேன்” என்றார் முதலாளி, பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு.

“இருட்டாத்தான் இருக்கணும் ஐயா.”

“வேணும்னேவா? நீயே தினமும் நிழலை அழிக்கிறவ…” என்று தலையைச் சொறிந்தார். “சரி சரி, பழையபடியே போட்டுத் தரேன். உடனே மூஞ்சியத் தூக்காத.”

போட்டும் கொடுத்தார். இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த நேரம் பார்த்து, தாடை வீட்டில் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸோடு சித்தி உள்ளே வந்தாள். முதலில் கண்ணில் பட்டது சாம்பல் படம்.

“அடியே, இது நானா? கன்னத்தைப் பாரு, பலூன் மாதிரி!” சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு மற்றதைப் பார்த்தாள். “இது யாரு?”

“நீதான் சித்தி.”

“நான் எங்க இருக்கேன்?”

“இதோ, கை.”

சித்தி குனிந்து பார்த்தாள். “கண்காட்சிக்கு எது போகுது?”

தாடை கறுப்புப் படத்தைக் காட்டினாள். கறுப்பு ஆழமானால்தான் வெள்ளை எழுந்து நிற்கும், எல்லாம் தெரிந்துவிட்டால் பார்க்கிறவருக்குத் தேட ஒன்றும் இருக்காது என்று அடுக்கினாள். கடைசியில், “மூஞ்சி தெரிஞ்சா படம் செத்துடும் சித்தி” என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டாள்.

சித்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“தினமும் எத்தனை கார் வருது. எல்லாரும் கண்ணாடியில என் கையத்தான் பாக்குறாங்க. அதே ஆளு அப்புறமா லிஃப்டுல பக்கத்துல நின்னா, நான் யாருன்னு தெரியாது. சரி, அவங்களுக்கு ஆயிரம் அவசரம். உனக்கு என்னடி அவசரம்?”

டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று காலை முழுக்கத் தாடைக்கு வேலை ஓடவில்லை. கையை மட்டும் பார்க்கிற ஊரைத்தானே நான் காட்டினேன் என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். அந்த வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிர் நடைபாதையில் நின்று பொத்தானை அழுத்திய அந்த நொடியில் அவள் ஊரையும் நினைக்கவில்லை, சித்தியையும் நினைக்கவில்லை. வெள்ளையும் கறுப்பும்தான் கண்ணில் இருந்தன. அதை மட்டும் எந்த வாதத்தாலும் மாற்ற முடியவில்லை. மறுநாள் படத்தை ஒப்படைக்க வேண்டும்.

மதியம் சரிவின் முகப்புக்குப் போய் நின்றாள்.

“என்ன, கால் விட்டுப்போச்சா? அதையும் எடுக்கணுமா?” என்றாள் சித்தி.

“மூஞ்சி எடுக்கணும்.”

“பலூனையா? ஒண்ணும் வேணாம், போ.”

“விசிலை எடுத்துடு. அஞ்சு நிமிஷம் நில்லு சித்தி, உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்.”

எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பி வந்து சரிவின் ஓரத்தில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. தாடை உள்ளங்கையை நீட்டி வெளிச்சம் எங்கே முடிகிறது என்று பார்த்தாள். “ஒரு அடி முன்னால வா.”

“கண்ணு கூசுதுடி.”

“கூசட்டும்.”

முகத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தை அளந்து கேமராவில் வைத்தாள். உடனே பின்னால் இருந்த வாளியும் ஸ்கூட்டரும் கறையும் தாமாகவே இருட்டில் மூழ்கின. காதுக்குப் பின்னாலேயே கறுப்பு தொடங்கி, சரிவு நெடுக உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று. ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. “இருப்பா, போட்டோ எடுக்குறாங்கல்ல!” என்று சித்தி அதட்டினாள். காலையிலிருந்து அடங்காமல் இருந்த வருத்தம், வெயிலுக்குச் சுருங்கிய கண், உதட்டோரம் மெல்ல எட்டிப் பார்த்த கர்வம், மூன்றும் ஒன்றாக வந்த நேரத்தில் தாடை பொத்தானை அழுத்தினாள்.

கண்காட்சியன்று செயலாளர் சுவரில் மாட்டியிருந்த சித்தியின் முகப் படத்தின் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கை படத்துக்குப் பக்கத்துல இது நிக்காதும்மா.”

“தெரியும் சார்” என்றாள். பொய்யில்லை. அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

சித்தி சீருடை இல்லாமல் வந்திருந்தாள். தன் முகத்தைத் தானே வெகுநேரம் முறைத்துப் பார்த்தாள். “ஒரு கண்ணு சின்னதா இருக்கு.”

“வெயில்ல சுருக்கிட்ட.”

“கழுத்துல எவ்வளவு கோடு பாரு. அழிச்சிருக்கலாம்ல? அதுதானே உன் பொழப்பு?”

“அழிக்க மாட்டேன், போ.”

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் படத்தையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்கதானேக்கா?” என்று கேட்டாள். “நானேதான்” என்று சித்தி சொன்ன விதத்தில், இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு யார் வந்து நின்றாலும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, யாரோ மாதிரி தொண்டையைக் கனைத்தாள்.

திரும்பி வரும் வழியில் சித்தி கேட்டாள். “அந்தக் கை படம் என்னாச்சு?”

“வச்சிருக்கேன்.”

“கிழிச்சுத் தொலைச்சுடாத.”

“உனக்குத்தான் பிடிக்கலையே?”

“பிடிக்கலைன்னு யாருடி சொன்னா? அது நல்ல படந்தான், எனக்கென்ன கண்ணு இல்லையா?” என்றாள் சித்தி. “இனிமே அதை யாருக்கு வேணா காட்டு. ஆனா முதல்ல மூஞ்சியக் காட்டிட்டு, அப்புறமா கையக் காட்டு.”