குழாயடி வண்ணச் சக்கரம்

தாராவியில் ஏழாம் வகுப்புக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பள்ளியில் ஓவியப் பீரியட் என்பது மற்ற டீச்சர்கள் எல்லோரும் கண்வைத்திருக்கும் காலிமனை. அதிலும் கணக்கு டீச்சராக இருந்து எச்.எம். ஆனவர் பரீட்சை நெருங்கினால் போதும், "உங்க பீரியடைக் கொஞ்சம் குடுங்கோளேன்" என்று வந்து நிற்பார். கொடுத்தது எதுவும் திரும்பி வந்ததில்லை. இந்த வருஷம் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளவே முடிவு செய்துவிட்டார். "திங்கக்கிழமைக்குள்ள பசங்க என்ன கத்துண்டிருக்கான்னு ஒண்ணு காட்டுங்கோ. இல்லேன்னா கணக்குக்குப் போட்டுடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. பலகையில் வண்ணச் சக்கரம் வரைந்தேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. சுற்றி வந்தால் மறுபடி சிவப்பு. பாதிப் பேரிடம் பெயிண்ட் இல்லை. "இல்லைன்னா என்ன? வீட்ல இருக்கிறதை வெச்சு ஒரு சக்கரம் பண்ணுங்க" என்றேன். ஒரு தட்டில் பருப்பும் மிளகாயும் வளையலும் வரும் என்பது என் கணக்கு. ஒற்றை அறை வீட்டில் பாதி வீடு வாசலுக்கு வெளியேதான் இருக்கும் என்பது செம்பூர் ஃபிளாட்டில் வளர்ந்த என் மூளைக்கு எட்டவில்லை.

எங்களுடையது மதிய ஷிப்ட். திங்கட்கிழமை மணி அடித்த கையோடு எச்.எம். அறையில் நான்கைந்து பெண்கள். மாட்டுங்காவில் வீட்டுவேலை முடித்துத் திரும்பியவர்கள். முன்னால் நின்றவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இந்த டீச்சர் சொன்னாவன்னு பிள்ளைய எல்லாம் சேந்து கொடியில கெடந்த துணிய மாத்திப் போட்டிருக்குதுவ! எங்க வீட்டு ஆளு வாட்ச்மேன் சட்டை, எதுத்த வீட்டுக்காரி பாவாடைக்குப் பக்கத்துல தொங்குது. சந்தி சிரிக்கு!"

எதிர்வீட்டுப் பெண்ணும் கூட்டத்தில்தான் இருந்தார். "ஏன், எம் பாவாடைக்கு என்ன கொறச்சலாம்?"

சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன். பீரியட் போயே போச்சு என்று நினைத்துக்கொண்டேன். எச்.எம். எழுந்தார். "வாங்கோ, போய்ப் பாத்துடலாம்."

அந்தப் பெண்கள் குடியிருக்கும் சந்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். பொதுக் குழாயைச் சுற்றிக் கொடிகளை வட்டமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். சேலை, துண்டு, லுங்கி, ரிப்பன் எல்லாம் நிறவாரியாகக் காய்ந்துகொண்டிருந்தன. சிவப்புக்கு நேர் எதிரே பச்சை. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே கிளிப்பச்சையில் ஒரு கைக்குழந்தைச் சட்டை. நான் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அவர்களாகக் கண்டுபிடித்தது. பொய் சொல்வானேன், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வாட்ச்மேன் சட்டையும் பாவாடையும் ஒரே நீலம். பிள்ளைகள் வேறெங்கே போடும்?

எச்.எம். ஒரு சுற்று நடந்தார். நீலம் முடிந்து சிவப்பு தொடங்கும் இடத்தில் கொடி வெறுமையாகக் கிடந்தது.

"ஊதா எங்கே?"

"பூரா கல்லியும் சந்து சந்தா தேடிட்டோம் மேடம். யாரு வீட்லயும் இல்ல" என்றாள் ஒருத்தி. சொன்னவள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அன்றைக்கு அவர் கட்டியிருந்தது ஊதாச் சேலை.

"மேடம், ரெண்டே மினிட்..."

அவள் காலி இடத்தைக் கைகாட்டினாள். எச்.எம். யாரையும் பார்க்காமல் போய் அந்தக் காலி இடத்தில் நின்றார். வாட்ச்மேன் மனைவி இடுப்பில் கைவைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "டீச்சர், கொஞ்சம் செவப்புப் பக்கமா தள்ளி நில்லுங்க. எங்க வீட்டு ஆளு சட்டைய இடிக்கிய."

எச்.எம். தள்ளி நின்றார். "அடுத்த வாரம் உங்க பீரியட்ல ஊதாவுக்கு வேற வழி பண்ணுங்கோ, தினமும் நான் வந்து நிக்க முடியாது" என்று என்னிடம் சிடுசிடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்போ சரியா நிக்கறேனா?"

சரியாகத்தான் நின்றார். "இன்னும் கொஞ்சம் தள்ளணும் மேடம்" என்றேன்.