புளி போட்டுத் தேய்த்த எஞ்சின்

வேலூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எந்த வெள்ளைக்காரர் வந்தாலும் ஆபீஸ் குமாஸ்தாவான என் தலையில்தான் கட்டுவார்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று ஒரு வதந்தி. எழுபதுகளின் நடுவில், சலவைக்கூடத்து பாய்லரைச் சரிசெய்ய ஓர் அமெரிக்கர் வந்தார்.

அவரும் அவருடைய அப்பாவும் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். சுதந்திரம் வந்த புதிதில் நாம் கப்பலில் இறக்கிய கரி எஞ்சின்களில் சில அவர்கள் கைவேலை. உலகத்துக்கே எஞ்சின் செய்துகொடுத்த அந்த ஊர்க்காரர்கள், டீசல் வந்ததும் கரி எஞ்சினைத் தலைமுழுகினார்கள், தொழிற்சாலையும் மூடிக்கொண்டது. நாம் எதையாவது லேசில் விடுவோமா? அவர்கள் கைகழுவியதற்கு நாம் இன்னும் கரி போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா கடைசியாகச் செய்த எஞ்சினின் தொழிற்சாலை எண்ணை அமெரிக்கர் பர்ஸில் எழுதி வைத்திருந்தார். அந்த எண், எஞ்சினின் பக்கவாட்டில் பதித்த பித்தளைத் தகட்டில் மட்டும்தான் இருக்குமாம். அப்பா இறந்துவிட்டார். அந்தத் தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டும் என்பது இவர் ஆசை. லீவு கிடைத்தபோதெல்லாம் ஷெட் ஷெட்டாக அலைந்து, பார்க்காமல் பாக்கியிருந்தவை இரண்டே எஞ்சின்கள். இரண்டும் ஆம்பூரைத் தாண்டி ஒரு ஷெட்டில் இருந்தன.

போனோம். ஒன்றுதான் நின்றது. எஞ்சினைத் துடைத்துத் தேய்க்கும் கிளீனர் எங்களைப் பெருமையோடு அழைத்துப்போய்த் தகட்டைக் காட்டினார். தங்கமாக ஜொலித்தது. ஓர் எழுத்துகூட இல்லை.

"இன்னா சார், எப்படி? வெள்ளிக்கு வெள்ளி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கிறேன். இருபது வருஷமா ஒரு வாரம் தப்பல. மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணிக்கலாம்."

அமெரிக்கர் கட்டைவிரலால் தகட்டைத் தடவினார். "என் அப்பாவையே தேய்த்து எடுத்துவிட்டார்களே," என்றார் மெல்ல.

"தொர இன்னா சொல்றாரு?"

விருந்தாளியும் நோகக்கூடாது, வீட்டுக்காரரும் நோகக்கூடாது என்று வளர்க்கப்பட்ட கோழை நான். "சூப்பரா தேய்ச்சிருக்கீங்களாம். அவங்க ஊர்லகூட இப்படி ஆள் கிடையாதாம்," என்றேன். கிளீனர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அமெரிக்கரிடம், "மன்னிப்புக் கேட்கிறார்," என்றேன். இப்படிச் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பவரை அவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார்.

இன்னொரு எஞ்சினைப் பற்றி விசாரித்தேன்.

"அது பேஜார் சார். அத பாக்குறவன் சோம்பேறி. எழுத்தெல்லாம் அழுக்கோட அப்படியே கெடக்குது. நாளைக்குத்தான் வரும்."

எழுத்து இருக்கிறது என்று நான் சொன்னதும் அமெரிக்கர் முகம் தெளிந்தது; இதன் எண் தெரிந்தால் இரண்டில் அப்பாவுடையது எது என்று தெரிந்துவிடும். அடுத்த லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் அன்றைக்கு வருகிறோம் என்று கிளீனரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் அவர் வழியெல்லாம் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளீனர் ஷெட் வாசலிலேயே காத்திருந்தார்.

"அந்த எஞ்சினையும் முடிச்சிட்டேன் சார். எழுத்து மேடா இருந்துச்சா, அழுக்கு ஜாஸ்தி புடிச்சிருந்துச்சு. புளிக்கு மசியல. அரம் வாங்கியாந்து ரெண்டு நாள் ராவினேன். தொரைக்குப் புடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

தகடு பளபளத்தது. அமெரிக்கர் அதன் மேலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, இவர் ஏன் இப்படிச் செய்தார் என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு நான் மாற்றிச் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

அவர் கிளீனரின் கையைப் பிடித்து, அரம் பட்டுக் கிழிந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அதை மட்டும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.