ஐந்து ஏக்கர் பன்னிரண்டு சென்ட்

ரத்தினம் மகாராஜபுரத்துக்கு வி.ஏ.ஓ.வாக வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் முதல் பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவார். லஞ்சத்துக்குக் கை நீட்டாத மனிதர் என்று ஊரில் பெயர் உண்டு.

1987இல் கிணறு வெட்ட மானியம் வந்தது. நிலம் ஐந்து ஏக்கருக்கு மேல் போகாத புஞ்சைக்காரர்களுக்குச் செலவில் கால் பங்கை அரசாங்கம் கொடுக்கும். மீதி பாங்கில் கடன். அதற்குச் சிறு விவசாயி என்று ரத்தினம் சான்று எழுதித் தரவேண்டும். இருபது பேருக்கு மேல் எழுதினார். தவசிமுத்துவின் சிட்டாவைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். அதில் ஐந்து ஏக்கர் பன்னிரண்டு சென்ட் இருந்தது.

"சார், அது எங்க அய்யா காலத்துக் கணக்கு. வருசா வருசம் ஓடை அரிச்சுக்கிட்டே வருது. செத்த நேரம் வந்து பாருங்க, அம்புட்டு இருக்காது."

"அளக்கணும்னா தாசில்தாருக்கு மனுக் குடுங்க. சிட்டாவுல உள்ளதைத்தான் நான் எழுத முடியும்."

"சர்வேயர் வாரதுக்குள்ள கடைசித் தேதி போயிருமே சார்."

ரத்தினம் சிட்டாவைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து ஊரில் பொய்ச் சான்று கொடுத்த ஒருவர் அப்போதுதான் சஸ்பெண்ட் ஆகியிருந்தார். தவசிமுத்துவின் புஞ்சை இருபது நிமிஷ நடை. அவர் போகவில்லை.

அடுத்த இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. மானியத்தில் வெட்டிய கிணறுகளைச் சுற்றி மட்டும் பருத்தி நின்றது. தவசிமுத்துவின் பருத்தி பூவோடு கருகியது. நிலத்தை ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் வாங்கினார். பட்டா மாற்றத்துக்கு ரத்தினமே கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வாரேன் சார்" என்று மட்டும் தவசிமுத்து சொன்னார். அந்த வாரமே மனைவி பிச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு தளவாய்புரத்துக்குக் குடிபோனார்.

1992இல் புதிய சொந்தக்காரர் வேலி போடுவதற்காகச் சர்வேயரைக் கூட்டி வந்தார். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தினம் கூடவே நடந்தார். அளந்து முடித்த சர்வேயர், "நாலு ஏக்கர் எழுபத்தொண்ணு சார். மிச்சம் ஓடைக்குள்ள போயிருச்சு" என்றார்.

"எப்பப் போயிருக்கும்?"

சர்வேயர் ஓடைக்குள் நின்ற வேலமரத்தைக் காட்டினார். "ஓடையானப்பறம் மொளைச்ச மரம் இது. இதுக்கே பத்துப் பதினஞ்சு வயசு இருக்கும். அதுக்கு முன்னாடியே போயிருக்கும்."

மறு ஞாயிற்றுக்கிழமை ரத்தினம் தளவாய்புரத்துக்குப் பஸ் ஏறினார். தைத்த நைட்டிகளின் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிச்சையம்மாள் பிசிர்நூல் வெட்டிக்கொண்டிருந்தார். ரத்தினத்தை அடையாளம் கண்டு எழுந்து நின்றார்.

"தவசிமுத்து இருக்காரா?"

"அவிய போயி எட்டு மாசம் ஆச்சு சார். ராஜபாளையத்துல குடோன்ல லோடு ஏத்துற வேலைக்குப் போனாக. பஞ்சுப் பொதி சரிஞ்சு மேல விழுந்துருச்சு."

ரத்தினம் நின்றபடியே அளந்த கணக்கைச் சொன்னார். பிச்சையம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அதைத்தான அவிய அன்னைக்கே சொன்னாக" என்றார்.

கத்தரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டார். "ஒங்களை வஞ்சதே இல்ல சார் அவிய. நேர்மையான மனுசன்னுதான் சொல்லுவாக. ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்னு மட்டும் நெனைச்சு நெனைச்சுச் சொல்லுவாக."

ரத்தினம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கிறாரா என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே பிச்சையம்மாளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ரத்தினம் விண்ணப்பத்தோடு மறுபடி வந்து தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டு நிரப்பினார். சொந்த நிலம் என்ற இடம் வந்தபோது பிச்சையம்மாளிடம் கேட்கவில்லை. 'இல்லை' என்று எழுதினார்.