கோலகெடா கோட்டையில் பெண் பார்த்தார்கள்

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதில்லை. வந்துவிட்டு வேண்டாம் என்று போனால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு குடும்பமும் சுற்றுலா போவதுபோல் ஓர் இடத்துக்குப் போய், தற்செயலாகச் சந்தித்ததாக நடிக்க வேண்டும். என் அக்காவை முதல் வரன் பேரங்காடியில் பார்த்தது. இரண்டாவது, கோயில் திருவிழாவில். மூன்றாவது வரன் மெர்கோங்கிலிருந்து. அவர்கள் கோலகெடா கோட்டையையும் அலோர் ஸ்டாரில் ஒரு பழைய அரண்மனையையும் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குச் சரித்திரம் பிடிக்குமாம். அவனுக்கு வயது நாற்பத்து நான்கு.

அக்காவுக்கு முப்பத்தாறு. செர்டாங் பக்கம் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வெட்டிய குலை ஒன்று அவள் இடது காலில் விழுந்தது. எலும்பு கூடியது, கோணலாகக் கூடிக் கால் குட்டையாகிவிட்டது. நடந்தால் ஒரு பக்கம் சாய்வாள். முதல் இரண்டு பேரும் அதற்காகத்தான் வேண்டாம் என்றார்கள். இதுவும் தட்டிப்போனால் இனித் தேட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் நான் அவளுக்கு ஒரு சப்பாத்து வாங்கி, இடது காலுக்குரியதன் உள்ளே ஸ்பாஞ்சு வெட்டி மூன்று அடுக்கு ஒட்டினேன். இரண்டு வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினாள். கால் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று தரகரிடம் சொன்னதும் நான்தான். எல்லாம் முடிவான பிறகுதான் சரிதானே என்று அக்காவிடம் கேட்டேன்.

அம்மா வரவில்லை. நானும் அக்காவும் மட்டும் காரில் போனோம். மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் தங்கையும் முன்னாலேயே வந்திருந்தார்கள்.

கோட்டையில் பார்க்க ஒன்றுமில்லை. செங்கல் சுவர், புல், கடலைப் பார்த்தபடி பீரங்கிகள். சயாம்காரனைத் தடுக்கக் கட்டிய சுவராம். அவன் உள்ளே வந்துவிட்டானாம். மாப்பிள்ளை இதை என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா அக்காவைப் பார்த்தார்.

"மேல ஏறிப் பாப்போமா மா? பீரங்கி எல்லாம் இருக்கு."

ஏறினாள். இறங்கச் சொன்னார்கள், இறங்கினாள். இந்தப் பக்கம் நிழல் நல்லா இருக்கு என்றார்கள், அங்கேயும் போனாள். மாப்பிள்ளையின் தங்கை கைப்பேசியை நீட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"சிரிங்க லா அக்கா, மொகத்தத்தான் எடுக்கிறேன்."

கைப்பேசி காலைப் பார்த்தபடி இருந்தது. ஆடு வாங்குகிறவன்கூட இவ்வளவு நடக்கவிட மாட்டான். ஆனால் சப்பாத்து காப்பாற்றியது. "நல்லாத்தான் நடக்குது புள்ள" என்றார் அந்த அம்மா. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை.

பிறகு அரண்மனை. சுல்தான் வீட்டார் இருந்த இடம், இப்போது காட்சியகம். வாசற்படியில் காவலர் மரியாதையாகச் சொன்னார்: "காசூட் புக்கா யா, காக்."

சப்பாத்தைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் காலில் எதையும் போட்டுக்கொண்டு போகாத ஜனங்கள் நாங்கள். எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"தல வலிக்குது தம்பி. நான் வெளியவே இருக்கேன்" என்றாள் அக்கா மெதுவாக.

"என்னா லா, இவ்ளோ தூரம் வந்துட்டு ராஜா வீட்டப் பாக்காம போறதா?" என்றாள் மாப்பிள்ளையின் தங்கை.

சந்தேகப்படுவார்கள் என்று பயந்தேன். "கழட்டுக்கா, யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன். கழற்றினாள்.

அவர்கள் வேகமாக நடந்து கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய், சிங்காசனத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டார்கள். நடுவில் வழவழவென்று வெறும் பலகைத் தரை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அக்கா நடந்தாள். மூன்று பேரும் அவள் காலையே பார்த்தார்கள்.

"லங்காவி ஃபெரி மாதிரில்ல ஆடுது" என்றாள் தங்கைக்காரி. சரித்திரம் பிடித்தவனும் சிரித்தான்.

வெளியே வந்ததும் அந்த அம்மா அக்காவின் சப்பாத்தை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"மூணு அடுக்கா? யாரு செஞ்சா?"

"நான்தான்."

"கெட்டிக்காரத் தம்பி." சப்பாத்தைக் கீழே போட்டார். "ஒனக்குத் தங்கச்சி ஒண்ணு இருக்காமே, ஃபேக்டரில வேல செய்யுதுன்னு தரகர் சொன்னாரு. அதுக்குக் காலு நல்லா இருக்கா?"

அக்கா இரண்டடி தள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அந்த இடத்திலேயே நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். எங்கள் தங்கைக்கு இருபத்தெட்டு. அவளும் இப்படியே நின்றுவிடுவாளோ என்று நினைத்தேன். இதைக் காரணம் என்று சொல்லவில்லை, நினைத்தது அதுதான்.

"இருக்கு மா. நல்லா இருக்கு" என்றேன்.

திரும்பும்போது காரில் அடிக்கடி அக்காவின் பக்கம் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்குற? ரோட்டப் பாரு."

குரூண் ஊரைத் தாண்டினோம். பிறகு சொன்னாள்: "சின்னவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடு. எங்கிட்ட கேட்ட மாதிரி கேக்காத."

நான் தங்கையிடம் கேட்கவில்லை. பெண் பார்க்கும் தேதியைத்தான் சொன்னேன்.